கடைசி இலை

மடத்தில் அன்று அன்னதானம். ஊராட்சித் தலைவர் தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயச வாளியோடு நின்றார். மடத்தை நடத்தும் அம்மையைவிட அவர் வயதில் மூத்தவர். ஆனாலும் சீடர் அவர்தான். தலைவர் என்ற மிடுக்கெல்லாம் மடத்து வாசலோடு சரி.

"அம்மா, ஊருக்குப் புதுசா ஒரு தண்ணித் தொட்டி கட்டப் பணம் வந்திருக்கு. எங்கே கட்டறதுன்னு சாயங்காலம் கூட்டத்துல நான் சொல்லணும். கடைத்தெருவுலயே கட்டிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"மேட்டுத்தெருவுலயும் சொல்றாங்களா?"

"அவங்களுக்கும் குழாய் போட்டாச்சும்மா. எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி குழாய். ஓரவஞ்சனையே கிடையாது."

"தண்ணி வருதா?"

தணிகாசலம் வாளியைக் கை மாற்றிக்கொண்டார்.

"சொட்டும்."

அம்மை சிரித்தார். "சரி, பந்தி உட்கார்ந்தாச்சு. இன்னைக்குக் கடைசி இலையில இருந்து பரிமாறுங்க."

கடைசி இலையில் மேட்டுத்தெரு பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். வாளியைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"அந்தப் பக்கம் போட்டுட்டு வாங்க தலைவரே. மிச்சம் இருந்தா எங்களுக்குப் போதும்."

"அம்மா சொல்லிட்டாங்க, சாப்பிடு" என்று அவர் ஒரு கரண்டி ஊற்றினார்.

அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருஷா வருஷம் வர்றேன். இந்தப் பாயசத்துல முந்திரியெல்லாம் போடுவாங்களா?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமும் பரிமாறியது அவர்தான்.

அதற்குள் அடுப்படிக்குப் பக்கத்து முதல் இலையிலிருந்து கடைத்தெரு அரிசி மண்டிக்காரர் குரல் கொடுத்தார். "இங்க பாயசம் வரலையே!" உள்ளேயிருந்து இரண்டு பேர் ஆளுக்கொரு வாளியோடு ஓடி வந்தார்கள்.

பந்தி எழுந்ததும் அம்மை கேட்டார்.

"யாருக்காவது பாயசம் இல்லாம போச்சா?"

"இல்லம்மா. எல்லாருக்கும் கிடைச்சுது."

தணிகாசலம் காலி வாளியைக் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"தொட்டியை மேட்டுத்தெருவுலயே கட்டிடலாம்மா. அங்கே இருந்து கடைத்தெருவுக்குத் தண்ணி தானா இறங்கிடும். ஆனா கடைத்தெருக்காரங்க சத்தம் போடுவாங்களே?"

"போடட்டும் தலைவரே. அவங்க சத்தம் போட்டா ஓடி வர ஆள் இருக்கு."