ஆவுடையோட சின்ன கன்

உப்பு விளையிற ஒரு ஊர்ல, தூத்துக்குடிக்குப் போற ரோட்டோரமா, ஒரு கார் ஷெட்டு இருந்துச்சாம். அந்த ஷெட்டுல ஒரு புருசனும் பொண்டாட்டியும் இருந்தாங்களாம். புருசன் பேரு முத்துமாலை, பொண்டாட்டி பேரு ஆவுடை. ரெண்டு பேருமே மெக்கானிக்கு. ரெண்டு பேரும் சேந்து காருக்கு அடியில படுத்துட்டா நாலு காலுதான் வெளிய தெரியுமாம். கொலுசு போட்ட காலு ஆவுடை, போடாதது முத்துமாலை, அப்படித்தான் வர்றவங்க கண்டுபிடிப்பாங்களாம்.

நீ காலை ஆட்டாத கண்ணு, போர்வை நழுவுது பாரு. கதை கேக்குற பிள்ளை ம் கொட்டணும்.

ம்.

ஆங், அப்படி. அந்த முத்துமாலைகிட்ட ஒரு பெரிய கன் இருந்துச்சு. கன்னுன்னா சுடுற துப்பாக்கி இல்ல, நட்டு கழட்டுற துப்பாக்கி. பேட்டரிய அடியில மாட்டி, நட்டு மேல வச்சு, விசைய அழுத்துனா போதும். டர்ர்ர்... கடகடகடகட... எப்பேர்ப்பட்ட நட்டா இருந்தாலும் அப்பா சாமின்னு கழண்டு வந்துரும். ஆனா சரியான கனம். கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிச்சா தோள்பட்டை கழண்டு போகும்.

அதனால ஆவுடை என்ன பண்ணா, ஒரு நாள் தூத்துக்குடிக்குப் போயி, நாலு கடை ஏறி இறங்கி, கையில தூக்கித் தூக்கிப் பாத்து, ஒரு சின்ன கன் வாங்கிட்டு வந்தா. அதே கம்பெனி, அதே பேட்டரி, ஆனா சொம்பு அளவுதான் இருக்கும். அதோட சத்தமும் சின்னது. டிர்ர்ர்... டகடகடக. சந்துபொந்துல எல்லாம் நுழையும், சின்ன போல்ட்ட ஒடைக்காது, கையும் வலிக்காது. ஆவுடைக்குன்னா அவ்வளவு சந்தோசம். பெட்டியப் பிரிச்சுப் புருசன்கிட்ட நீட்டுனா.

அப்போ ஷெட்டுல வண்டிக்காரங்க நாலு பேரு டீ குடிச்சுட்டு நின்னாங்க. அவங்களப் பாத்து கண்ணடிச்சுட்டு முத்துமாலை சொன்னான், "என்ன ஆவுடை, இது தொட்டில் பிள்ளைக வெளையாடுற சாமானா?"ன்னு. நாலு பேரும் சிரிச்சாங்க. முத்துமாலை எல்லாத்துக்கும் மேல சத்தமாச் சிரிச்சான்.

ஆவுடை சிரிக்கல. மூஞ்சி சுருங்கிப் போச்சு. இத்தன வருசம் கூடக் கூட நின்னு கிரீஸுல கைய விட்டவ. என் வேலைய நாலு பேருக்கு முன்னாடி வச்சுச் சிரிச்சுட்டாரேன்னு நெஞ்சுக்குள்ள முள்ளு தச்சிருச்சு. அன்னியில இருந்து அவன்கூடப் பேச்சு இல்ல.

பேசாம எப்படி வேலை நடக்கும்னு கேக்குறியா? அது ஒரு வழி இருக்கு. புருசன் பொண்டாட்டிக்குள்ள பேச்சு நின்னுட்டா சுவத்துகிட்டப் பேசுவாங்க, பூனைகிட்டப் பேசுவாங்க. இவங்க ஷெட்டுல பூனை கிடையாது, அதனால ஜாக்கிகிட்டப் பேசுனாங்க. ஜாக்கி தெரியும்ல, காரைத் தூக்கி நிறுத்துற சாமான். ஆவுடை ஜாக்கியப் பாத்து, சோறு ஆறிப் போகுதுன்னு அவருகிட்டச் சொல்லும்பா. முத்துமாலை அதே ஜாக்கியப் பாத்து, கொழம்புல உப்பு தூக்கலா இருக்குன்னு அவகிட்டச் சொல்லும்பான். அதுக்கு ஆவுடை, உப்பு ஊர்ல உப்பு தூக்கலாத்தான் இருக்கும்னு சொல்லும்பா. பாவம் அந்த ஜாக்கி. காரைத் தூக்குறதா, இவங்க சண்டையத் தூக்குறதா?

ம்.

அப்புறம் ஒரு நாள் ஒரு சின்னக் கார் வந்துச்சு. பெல்ட்டு மாத்தணும். அதுக்குக் கழட்ட வேண்டிய போல்ட்டு இஞ்சினுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவுல, எலி நுழையிற மாதிரி ஒரு சந்துல இருக்கு. முத்துமாலை பெரிய கன்னத் தூக்கிட்டுப் போனான். டங்குன்னு முட்டுச்சு. மேல இருந்து விட்டுப் பாத்தான், டங்கு. கீழ இருந்து விட்டுப் பாத்தான், டங்கு. ரெண்டடி தள்ளி ஆவுடையோட சின்ன கன் சும்மா கிடக்கு. ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. கேப்பானா? மாட்டான். ஸ்பேனரை வச்சு, கால் திருப்பு கால் திருப்பாத் திருப்பி, விரல் முட்டி எல்லாம் தோலு உரிஞ்சு, மத்தியானச் சோத்துக்குத்தான் நிமிந்தான். ஆவுடை ஜாக்கியப் பாத்துச் சொன்னா, சில பேருக்கு வாயத் தொறக்கிறதுக்குப் பதிலா தோலை உரிச்சுக்கிறது சுலபம்னு.

அப்புறம் இன்னொரு நாள் உப்பு ஏத்துற வேன் ஒண்ணு வந்துச்சு. முத்துமாலை அப்போ வேற வண்டிக்கு அடியில கிடந்தான். உப்புக்காத்துல அந்த வேனோட சக்கர நட்டெல்லாம் துருப்பிடிச்சு, எது நட்டு எது துருன்னே தெரியல. ஆவுடை சின்ன கன்ன வச்சா. டிர்ர்ர்... டகடகடகடக. நட்டு அசையல. எண்ணெய் விட்டு ஊற வச்சுட்டு மறுபடியும் வச்சா. டகடகடகடக. அசையல. இப்போ பெரிய கன்னக் கேக்கணும்ல? கேப்பாளா? அவளும் மாட்டா. இவ மட்டும் லேசுப்பட்டவளா? ஸ்பேனர்ல நீளமான பைப்பைச் சொருகி, அது மேல ஏறி நின்னு, ம்ம்ம்னு குதிச்சா. கிர்ர்ர்ரீச்சுன்னு ஒரு நட்டு வந்துச்சு. ஒவ்வொண்ணா அப்படியே குதிச்சுக் கழட்டி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு, தோளும் வீங்கிப் போச்சு. முத்துமாலை ஜாக்கியப் பாத்து, பெருசு ஒண்ணு இங்க சும்மாத்தான் கிடந்துச்சுன்னு சொல்லும்னான். அவனுக்கு மனசு கேக்கல, ஆனா அதை ஜாக்கிகிட்டதான் சொல்லத் தெரிஞ்சுச்சு.

அன்னைக்கு ராத்திரி ஆவுடை தோளுக்குத் தைலம் தேச்சுக்கிட்டே யோசிச்சா. விளாத்திகுளத்துல அவ தம்பி ஒரு ஷெட்டு போட்டிருக்கான். அக்கா, நீ வந்தா எனக்கு ஒரு கை கூடும்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். அங்கயே போயிருவோம், மதிக்கிற எடத்துல வேலை பாப்போம்னு முடிவு பண்ணிட்டா. காலையில எந்திரிச்சு, சேலை நாலு, சின்ன கன், பேட்டரி எல்லாத்தையும் பையில வச்சா. ஜாக்கியப் பாத்து, நான் என் தம்பி ஷெட்டுக்குப் போறேன், திரும்பி வர்றதா இல்லன்னு சொல்லிரும்னு சொல்லிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல போயி நின்னுட்டா.

முத்துமாலை ஷெட்டு வாசல் வரைக்கும் வந்தான். போகாதன்னு சொல்லணும், அவ்வளவுதான். வாய் வரைக்கும் வருது, அங்கயே நின்னுக்குது. சிரிக்கும்போது மட்டும் எவ்வளவு சத்தம் வந்துச்சு பாரு.

தூங்கிட்டியா? ம்?

ம்.

அப்போ டொக் டொக் டொக்குன்னு ஆடிக்கிட்டே ஒரு வேன் வந்து நின்னுச்சு. கோயில்பிச்சை அண்ணாச்சியோட வேன். அன்னைக்கு டீயக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்ச நாலு பேருல அவரும் ஒருத்தரு. வேனுக்குள்ள அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா, முட்டையில இருந்து வந்து ஒரு நாளு கூட ஆகாத கோழிக்குஞ்சு. கிய்யா கிய்யா கிய்யான்னு ஒரே சத்தம். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கையி ஆடிப்போச்சு, அதை மாத்தாம வண்டி ஓடாது. வெயில் ஏறுறதுக்குள்ள குஞ்சுகளப் பண்ணையில சேக்கலைன்னா ஒண்ணும் மிஞ்சாது தம்பின்னு அண்ணாச்சி கையப் பிசையிறாரு.

முத்துமாலை வேனை நிழலுக்குத் தள்ளி, பெட்டிய எல்லாம் தொறந்து வைக்கச் சொல்லிட்டு, சக்கரத்தைக் கழட்டி அடியில பூந்தான். அந்த இரும்புக் கைய ரெண்டு போல்ட்டு பிடிச்சிருக்கு. ஒண்ணு வெளிய, துரு ஏறி கல்லு மாதிரி. பெரிய கன்ன வச்சான். டர்ர்ர்... கடகடகடகட... வந்துருச்சு. இன்னொண்ணு உள்ள, சந்துக்குள்ள. டங்கு. பெருசு நுழையல. ஸ்பேனரால திருப்பலாம், ஆனா பொழுது சாஞ்சிரும். குஞ்சுக அதுவரைக்கும் தாங்குமா?

கிய்யா கிய்யா சத்தம் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கும் கேக்குது. ஆவுடை எட்டிப் பாத்தா. வண்டிக்கு அடியில ரெண்டு காலு மட்டும் தெரியுது. அந்தக் காலு உதைக்கிற உதையப் பாத்தே அவளுக்கு விசயம் புரிஞ்சு போச்சு, உள் போல்ட்டுல மாட்டிக்கிட்டாருன்னு. அந்த நேரம் பாத்து விளாத்திகுளம் பஸ்ஸும் வந்துச்சு. பாம் பாம். ஆவுடை பஸ்ஸப் பாத்தா, வேனைப் பாத்தா. இந்த மனுசன் கெடக்கட்டும், வாயில்லாத குஞ்சுக என்ன பாவம் பண்ணுச்சுன்னு பையத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டி வந்துட்டா. பஸ்ஸு போயிருச்சு.

ஆவுடை சேலைய இழுத்துச் சொருகிட்டு அடியில படுத்தா. சின்ன கன்ன சந்துக்குள்ள விட்டா. டிர்ர்ர்... டகடகடக... டுப்புன்னு போல்ட்டு அவ உள்ளங்கையில விழுந்துச்சு. அவ்வளவுதான். பழைய இரும்புக் கை வெளிய, புதுசு உள்ள. வெளிப்பக்கம் அவன், உள்பக்கம் அவ. நாலு காலும் மறுபடி ஒண்ணா வெளிய தெரியுறதப் பாத்துட்டு அண்ணாச்சி குஞ்சுகளுக்கு அட்டையால விசிறிக்கிட்டு நின்னாரு.

வேலை முடிஞ்சுது, சக்கரத்தை மாட்டணும், அவ்வளவுதான் பாக்கி. இங்கதான் விசயமே இருக்கு கண்ணு. முத்துமாலைக்கு ஒரு பழக்கம். கழட்டுறதுக்கு மட்டும் இல்ல, முடுக்குறதுக்கும் பெரிய கன்தான். கடகடகடகடன்னு அழுத்திப் பிடிப்பான், கை ஓயுற வரைக்கும் விட மாட்டான். அந்த வேனோட சக்கர போல்ட்டு உப்புக்காத்துல ஏற்கனவே அரிச்சுப் போனது. அந்தப் பெரிய பலத்துல முடுக்குனா பட்டுன்னு ஒடஞ்சிரும், வண்டி இங்கயே நின்னுரும். ஆவுடைக்கு அது பாத்ததுமே தெரிஞ்சுது. அவன் பெரிய கன்னத் தூக்கி நட்டு மேல வைக்கிறான்.

அவ வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? அண்ணாச்சி முன்னாடியே ஒடையும். அன்னைக்குச் சிரிச்ச புருசன் அவமானப்பட்டு நிப்பான். ஒரு நிமிசம் அவளுக்கே ஆசையாத்தான் இருந்துச்சு. ஒடையட்டுமே, அப்பத்தான் புத்தி வரும்னு தோணுச்சு. அப்புறம் அவன் கையப் பாத்தா. முட்டி எல்லாம் தோலு உரிஞ்சு, ஆறியும் ஆறாம இருக்கு.

"வேண்டாங்க, ஒடஞ்சிரும்"னா ஆவுடை. ஜாக்கியப் பாத்து இல்ல, அவனைப் பாத்து. "கையால முடுக்குங்க."

முத்துமாலை விசைய விட்டுட்டான். நட்டைக் குனிஞ்சு பாத்தான், அரிச்ச போல்ட்டு கண்ணுல பட்டுச்சு. பெரிய கன்னத் தரையில வச்சுட்டு கையால திருப்புற ஸ்பேனர் ஒண்ணை எடுத்தான். அளவு வச்ச ஸ்பேனர் அது, போதும்ங்கிற எடம் வந்ததும் அதுவே டிக்குன்னு சொல்லும். டிக். அடுத்த நட்டு, டிக். அதுக்கடுத்தது, டிக். நீயும் அதோட சேந்து ஒரு ம் போடு.

ம்.

கடைசி நட்டும் டிக்குன்னதும் அவன் எந்திரிச்சு, கையத் தொடச்சுட்டு, அண்ணாச்சியப் பாத்துச் சொன்னான், "அண்ணாச்சி, அன்னைக்கு உங்க முன்னாடி இவ வேலையக் கேலி பண்ணிச் சிரிச்சேன்ல, அது என் தப்பு. இன்னைக்கு இவ இல்லன்னா உங்க குஞ்சும் இல்ல, என் மானமும் இல்ல."

அண்ணாச்சி, நானும்தான தம்பி சிரிச்சேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆவுடைகிட்ட, வர்றேம்மான்னு மெல்லச் சொல்லிட்டு வண்டிய எடுத்தாரு. டொக் டொக் இல்ல. கிய்யா கிய்யா கிய்யான்னு குஞ்சு சத்தம் மட்டும் ரோட்டுல தேஞ்சு தேஞ்சு போச்சு.

அப்போ அடுத்த பஸ்ஸு வந்துச்சு. பாம் பாம். ஆவுடை சேலைய ஒதறிட்டுப் பையத் தோள்ல மாட்டுனா. தப்புன்னு ஒத்துக்கிட்டாரு சரி, இரும்மான்னு ஒருத்தரு சொல்லாம எப்படி இருக்கிறது? நாலு எட்டு நடந்தா. முத்துமாலை பழக்க தோசத்துல ஜாக்கிப் பக்கம் திரும்புனான். அப்புறம் அதை விட்டுட்டு ரோட்டுக்கே ஓடி அவ முன்னாடி போயி நின்னான்.

"போகாத ஆவுடை. நீ இல்லாம எனக்கு இந்த ஷெட்டு வேண்டாம்"னான். அவன் கண்ணு நெறஞ்சிருச்சு, மறைக்கக் கூட இல்ல.

கண்டக்டர் எட்டிப் பாத்து, ஏறுறீங்களா இல்லையான்னு கேட்டாரு. ஆவுடை இல்லன்னு தலைய ஆட்டிட்டு, புருசன் மூஞ்சிய ஒரு தடவை நல்லாப் பாத்தா.

"இனிமே கழட்டுறது நீங்க, முடுக்குறது நான்"னா.

சரின்னான் முத்துமாலை.

அவ்வளவுதான் கண்ணு. பஸ்ஸு போயிருச்சு, கதையும் அதுல ஏறிப் போயிருச்சு. ஷெட்டு சாத்தியாச்சு, நீயும் கண்ணைச் சாத்து.