மேகத்தின் வயிற்றில் குத்திய கொய்யா

இந்தக் கதையில் ஓர் இடத்தில் சிரிப்பு வரும். உறுதி. ஆனால் அது மாசி மாதத்தில்தான் வருகிறது. நாம் இப்போது ஆனியில் நிற்கிறோம். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

செடிக்கும் பறவைக்கும் பேச வாய் இருந்த அந்தக் காலத்தில், கொய்யாவுக்கு வளர்வதில்தான் ஆசை. காய்ப்பதெல்லாம் எப்போதாவது, மனமிருந்தால் ஒன்றிரண்டு. மலையடிவாரத்தில் இருந்த பழனாத்தாள் அப்படி ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, விதையை முந்தானையில் முடிந்துவந்து தோட்டத்தில் போட்டாள். ஆட்டெரு வைத்தாள். நாள் தவறாமல் குடம் குடமாக ஊற்றினாள். செடி மூன்று வருடத்தில் இரண்டாள் உயரம் போனது. கிளைகளையெல்லாம் வானத்தைப் பார்த்து விறைப்பாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பூ மட்டும் இல்லை.

"ஆடி ஒண்ணாந்தேதி இதை வெட்டிப்போட்டு அவரைப் பந்தல் போடறேன்" என்றார் அவள் வீட்டுக்காரர் பொங்கியண்ணன்.

"ஏனுங்க, இன்னுங் கொஞ்ச நாள் பாருங்க."

"அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்துதான் வலிக்குது புள்ள."

பழனாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. கொய்யாவோ கலங்கவில்லை. "பயப்படாதே. இன்னும் நாலு முழம் வளந்தாப் பனையைத் தொட்டுருவேன். அப்புறம் என்மேல கோடாலி வைக்க எவனுக்குத் தைரியம் வரும்?"

அவள் இரண்டு குடம் கூட ஊற்றினாள். அது இரண்டு முழம் கூட வளர்ந்தது. அவ்வளவுதான்.

தோட்டத்து ஓரத்தில் நின்ற அந்தப் பனையின் பொந்தில் ஒரு கிளி இருந்தது. அதற்கு எல்லார் குரலும் வரும். பொங்கியண்ணனைப் போல இருமி நாயை வாலாட்ட வைக்கும். தாயாட்டைப் போலக் கத்திக் குட்டிகளை அலைய விடும். கொய்யாவுக்கு அதைக் கண்டால் இளக்காரம்.

"ஊரார் குரலெல்லாம் வெச்சிருக்கியே, உன் குரல் எங்கடா? தொலைச்சுட்டியா?"

கிளி தலையைச் சாய்த்து அதை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பொந்துக்குள் போனது. (சிரிப்பு? இன்னும் இல்லை.)

மறுநாள், பெய்யாமல் போகிற ஒரு மேகம் தோட்டத்தின்மேல் வந்தது. மேலேயிருந்து கொழுத்த குரல் ஒன்று உறுமியது.

"ஏய், கீழே யாரது? கையைத் தாழ்த்து! வயித்துல குத்துது!"

பனைமட்டைக்குள் பச்சையாக ஏதோ அசைந்தது. கொய்யா மேகத்தைத்தான் பார்த்தது.

"நானுங்களா? உங்களையா தொட்டுட்டேன்?"

"தொட்டியா? கிழிச்சுட்டே! கையை மண்ணுல வெக்கிறவரைக்கும் இந்தப் பக்கம் மழை கிடையாது."

கொய்யாவுக்குத் தாங்காத பெருமை. பனையே தொடாத மேகத்தை அது தொட்டுவிட்டதே! உடனே வளைந்தது. கிளைகள் திரும்பத் திரும்ப நிமிர்ந்தன. "பழனாத்தா, என்னைக் கட்டு" என்றது. அவள் சுற்றிலும் முளைக்குச்சி அடித்து, ஒவ்வொரு கிளையையும் வளைத்து வாழைநாரால் கட்டினாள்.

ஆடி ஒன்றாம் தேதி பொங்கியண்ணன் கோடாலியோடு வந்தார்.

"என்ன புள்ள இது, சந்தைக் கெடா மாதிரிக் கட்டிப்போட்டிருக்கே?"

"மேகத்துக்கு வயித்துல குத்துதாமுங்க."

அவர் கொய்யாவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். நடுவில் இருந்த தூரத்தையும் பார்த்தார். சிரிக்கவில்லை. வெட்டலாமென்று மூன்று சுற்றுச் சுற்றினார். எந்தப் பக்கம் போனாலும் கிளைகள் வேலிபோல் மறித்துக் கிடந்தன. அடிமரம் கோடாலிக்கு எட்டவில்லை.

"சரி, ஐப்பசி வரைக்கும். அதுக்குள்ள ஒரு பூ வெக்கோணும். இல்லாட்டி அவுத்துவுட்டு வெட்டிப்போடுவேன்."

கொய்யாவின் கவலையெல்லாம் வேறு. மேகம் தெரியும்போதெல்லாம், "இப்பக் குத்துதுங்களா?" என்று கேட்கும். "லேசா. இன்னுந் தாழு" என்று பனைப்பக்கமிருந்து பதில் வரும்.

உச்சிக்கு ஓட வழியில்லாத சாறு கிளை நெடுகக் கணுவுக்குக் கணு முட்டியது. முட்டிய இடமெல்லாம் தளிர் விட்டது. புரட்டாசியில் தளிருக்குத் தளிர் வெள்ளைப் பூ. பழனாத்தாள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். பொங்கியண்ணன் கோடாலியைக் கொண்டுபோய்க் கூரை எரவாணத்தில் செருகினார்.

மாசி வந்தது. காயின் பாரமே கிளைகளை அழுத்தியதால் கட்டுகளையெல்லாம் அவிழ்த்தாயிற்று. முதல் பழம் மஞ்சள் பிடித்த அன்று, கொய்யா வழக்கம்போல் பணிவாகக் கேட்டது.

"இப்பக் குத்துதுங்களா?"

"இல்லை, இல்லை. மெத்துன்னு இருக்கு. என்ன இனிப்பு!"

அதே கொழுத்த குரல். ஆனால் மிகப் பக்கத்தில். கொய்யா அண்ணாந்து பார்த்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. திரும்பிப் பார்த்தது. தன் கிளையிலேயே கிளி, மூக்கு நிறையப் பழத்தோடு.

ஓர் அறை விடலாமென்று நிமிரப் பார்த்தது. முடியவில்லை. கணுவுக்குக் கணு காய்.

அன்று தொடங்கியதுதான், கொய்யாக் கிளையை வளைத்து முளையில் கட்டுவதும், பழுத்ததில் முதல் கொத்து கிளிக்குப் போவதும்.