வடிவுக்குத் தெரியாத வடிவு பேரு

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தாளாம். பேரு வடிவு. மூணாங்கிளாஸ். கண்ணை மூடிக்கிட்டு கேளு, ம் கொட்ட மட்டும் மறக்காதே.

போர்டுல எழுதுறது ஒண்ணும் அவ கண்ணுக்குத் தெரியாது. புகை மாதிரி வெள்ளையா இருக்கும். அந்த அசடு என்ன நினைச்சுது தெரியுமா? எல்லாருக்கும் அப்படித்தானாம், பக்கத்துல இருக்கிற ஜெசி மட்டும் கெட்டிக்காரியாம், புகையிலயே படிச்சிடுறாளாம்! அதனால நாளெல்லாம் குசுகுசு குசுகுசு. "அது என்னடி?" "அம்பத்தேழு." "அப்புறம்?" "கூட்டல்."

அப்போ ஒருநாள் டீச்சர் போர்டு நிறைய கணக்கு எழுதிட்டு, "பேசுறவங்க பேரை எழுது, பக்கத்துல மூணு பெருக்கல் குறி விழுந்தா கடைசி பெஞ்சு"ன்னு லீடர் சுடலைமுத்துகிட்ட சொல்லிட்டு வெளியே போனாங்க. ம் சொன்னியா? சரி.

வடிவு குசுகுசுன்னா. கிறீச்! பேரு விழுந்துது, கூடவே ஒரு குறி. அப்புறமும் குசுகுசு. கிறீச்! ரெண்டு. மறுபடியும் குசுகுசு. கிறீச்! மூணு.

திரும்பி வந்த டீச்சருக்கு வந்துதே கோவம்! "உன் பேரைப் பார்த்துக்கிட்டே பேசினியா? போ கடைசி பெஞ்சுக்கு!"

வடிவு எழுந்து நின்னா. ஜெசி இல்லாம ஒரு கணக்குகூட எழுத முடியாதே! "என் பேரா? எங்க டீச்சர்?"னு கேட்டா. கிளாஸே கொல்லுனு சிரிச்சுது. டீச்சர் சிரிக்கல. "போய்த் தொட்டுக் காட்டு"ன்னாங்க.

அவ நடந்தா, நடந்தா, மூக்குல சாக்பீஸ் தூள் ஒட்டுற வரைக்கும் நடந்தா. அப்புறம்தான் "இதோ டீச்சர்!"ன்னா. டீச்சர் அவளைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, "இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சேம்மா"ன்னு கண் கலங்கிட்டாங்க. அப்புறம் வடிவு, ஜெசி ரெண்டு பேரையும் முதல் பெஞ்சுல உட்கார வச்சு, வடிவோட அம்மாவை வரச் சொல்லிட்டாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, கண்ணாடி வந்துது. அப்போ பார்க்கணுமே அவ அட்டகாசத்தை! ஓட்டு மேல உட்கார்ந்த காக்கா கண்ணை உருட்டுறது தெரியுதாம், கடைப் பேரெல்லாம் தெரியுதாம். தூங்கும்போதும் கழட்ட மாட்டேன்னு அம்மாகிட்ட ஒரே சண்டை.

ஆனா வாய் வாய்தான். மறுநாளே கிறீச்! வடிவு பேரு விழுந்துது. அவ நிமிர்ந்து பார்த்தா. அதுக்குக் கீழேயே ஜெசி பேரு, குறி மட்டும் இல்லாம.

"ஏய், உன் பேரும் இருக்குடி! சுடலைமுத்து எப்பவும் எழுதுவானா?"

"ம்."

"பேரு விழுறது உனக்குத்தான் தெரியுமே, அப்புறம் ஏன்டி சொல்லிக் கொடுத்த?"

"நீ கேட்டியே."

வாயாடி என்ன செஞ்சா தெரியுமா? ஜெசி கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

கதை ஆச்சு. என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி சரி, தூங்கு கண்ணு.