சத்தமே போடாத கணினி

இது என்னோடு படித்தவள் சொல்லி நான் கேட்டது.

நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற நீதிபதி தாணுலிங்கம், துளிகூடச் சத்தம் போடாத கணினி ஒன்றைத் தன் வீட்டிலேயே பாகம் பாகமாகப் பொருத்தித் தரச் சொன்னார். கணினிக் கடையிலிருந்து போன ஜெசிந்தா, மெதுவாகச் சுற்றும் விசிறியாகத் தேடிப் போட்டாள். அதன் வேகத்தையும் குறைத்தாள். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தாள்.

"இரையுதே! உனக்குக் காது செவிடா?" என்று ஒவ்வொரு தடவையும் நீதிபதி விரட்டினார்.

"இன்னைக்கும் அவரு குறை சொன்னா நீ வேலைக்கு வரண்டாம்" என்றார் கடை முதலாளி.

அன்று ஜெசிந்தா மேசைக்கு அடியில் குனிந்து எதையோ செய்துவிட்டு, "இப்ப எப்படி சார்?" என்றாள்.

"அதே இரைச்சல்தான். நீயெல்லாம் என்னத்தப் படிச்சியோ!"

"அப்படின்னா கரண்ட் இல்லாமலே ஓடுது சார்" என்று, கழற்றிய பிளக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் இரண்டு காதையும் பொத்திப் பார்த்தார்.

"பொத்தினாலும் கேக்குது பிள்ள. என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் ஓயாம பேசிட்டே இருப்பா. அப்ப இந்த இரைச்சல் கேட்டதே இல்ல."

வேலை போகாமல் தப்பிய ஜெசிந்தா பிளக்கை மறுபடி மாட்டினாள்.

நம்பாமல் நானே அந்தக் கடைக்குப் போய் விசாரித்தேன். மறுநாள் அவரே வந்து, இருப்பதிலேயே அதிகமாக இரையும் விசிறியைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.