புல் நிமிரும் நேரம்

"மூணு மாசமா கேட்கிறேன் டீச்சர். எத்தனை மணி வரைக்கும் பயமில்ல? ஒரே ஒரு நேரம் சொல்லுங்க, போதும்."

கேட்டவர் கோதண்டம். நம்புசெல்வி கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீருக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு.

நம்புசெல்வி அந்தக் கடற்கரை ஊர்ப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கோதண்டம் இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு, கடலோரத்தில் அழகாக ஓடத்தக்க பாதைகளைத் தேடி அலைகிறவர். ஒவ்வொரு பாதையையும் ஓடிப் பார்த்து, படம் எடுத்து, இணையத்தில் எழுதுவார். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை சார் என்பார். யாரிடம் யார் படிக்கிறார்கள் என்று டீக்கடையில் இன்னும் முடிவாகவில்லை.

பாதை என்று அங்கே இருந்தது ஒரு மணல்மேடு. கரையிலிருந்து நரித்திட்டு என்ற சின்னத் தீவு வரைக்கும் இரண்டு கிலோமீட்டர். கடல் வற்றும்போது வெளியே வரும், ஏறும்போது உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர். வலப்பக்கம் பூநாரைக் கூட்டம். அதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குவதுகூடத் தெரியாது.

கரைக்கும் மணலுக்கும் நடுவே ஓர் ஓடை உண்டு. கடல் ஏறினால் முதலில் நிறைவது அதுதான். திட்டில் நிற்பவனுக்குக் காலடி காய்ந்தே இருக்கும். ஆனால் ஊருக்குத் திரும்ப முடியாது.

அந்த ஊர்ப் பெண்கள் மணலில் பாசி எடுக்கப் போகும்போது கடிகாரம் கட்டுவதில்லை. தண்ணீருக்குள் வளரும் கடற்புல்லைப் பார்ப்பார்கள். கடல் வற்றும்போது புல் கடல் பக்கம் சாய்ந்திருக்கும். ஏறும்போது கரைப் பக்கம் சாயும். நடுவில் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்கும்.

"புல் நிமிர்ந்தா கரைக்குக் கிளம்பணும் சார்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் நம்புசெல்வி.

கோதண்டத்துக்கு அது போதவில்லை. புல்லை எப்படி எழுதுவது? மதுரையில் இருக்கிறவனுக்குப் புல் தெரியுமா?

"டைம் இல்லாம எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க டீச்சர்."

"அப்ப எழுதாதீங்க."

கோதண்டம் தொண்டையைச் செருமினார்.

"எழுதிட்டேன்."

நம்புசெல்வி தலையைத் தூக்கினார்.

"முந்தாநேத்து போட்டேன். நானே பதினோரு தடவை ஓடியிருக்கேன், எனக்குத் தெரியாதா? கடல் அட்டவணையில வற்றம்னு என்ன நேரம் போட்டிருக்கோ, அதுலேர்ந்து ரெண்டு மணி நேரம் பயமில்ல. இன்னைக்கு வற்றம் எட்டு பத்துக்கு. பத்து பத்து வரைக்கும் தாராளமா ஓடலாம். நாலாயிரம் பேருக்கு மேல படிச்சிட்டாங்க டீச்சர்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், அடங்கவில்லை.

"இப்ப மணி என்ன சார்?"

"எட்டு நாற்பத்தஞ்சு."

நம்புசெல்வி தண்ணீருக்குள் கையைக் காட்டினார். கோதண்டம் குனிந்து பார்த்தார். புல் மொத்தமும் கரைப் பக்கம் படுத்துக் கிடந்தது.

"தென்காத்து கிளம்பிருச்சு" என்றார் நம்புசெல்வி. "நீங்க ஓடின பதினோரு நாளும் காத்து இல்லாத நாள். இன்னைக்குக் கடல் ஒரு மணி நேரம் முந்தியே திரும்பிருச்சு."

கோதண்டம் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். பார்வை கரையோரச் சவுக்கு மரத்தடிக்குப் போனது. அங்கே ஒரு பைக் நின்றது. மதுரை நம்பர். கண்ணாடியில் இரண்டு ஹெல்மெட்.

பிறகு கடலைப் பார்த்தார். மணலின் கடைசியில், திட்டுப் பக்கம், இரண்டு புள்ளிகள்.

நம்புசெல்வி ஓடத் தொடங்கினார்.

ஓடை முழங்காலைத் தாண்டியிருந்தது. மணலில் ஏறியதும் அவர் வேகம் பிடித்தார். கோதண்டம் பின்னால் மூச்சிரைக்க ஓடினார். பூநாரைகள் அங்கேயேதான் நின்றன. அவர் பார்க்கவில்லை.

திட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கிளம்புங்க" என்றார் கோதண்டம். "தண்ணி ஏறுது."

"எங்க ஏறுது?" அவன் மணலைக் காலால் தட்டினான். புழுதி பறந்தது.

"இங்க இல்ல. கரைகிட்ட ஓடை நிறையுது."

"பத்து பத்து வரைக்கும் டைம் இருக்கு சார்." அவன் செல்போனை நீட்டினான். "இதை எழுதினவர் பதினோரு தடவை ஓடியிருக்கார். சும்மா அடிச்சுவிடல."

"அவர் நான்தாங்க."

அவன் கோதண்டத்தை மேலும் கீழும் பார்த்தான். பனியன் நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. மூச்சு இரைத்தது. மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நீங்கன்னே வச்சுக்குவோம். அப்ப இது தப்பா?"

"தப்பு."

"தப்புன்னா ஏன் சார் போட்டீங்க?"



"விடுங்க" என்றாள் மனைவி. "வெளியாளுங்க வரக் கூடாதுன்னு ஊர்க்காரங்க இப்படித்தான் பயம் காட்டுவாங்களாம். கீழ கமெண்ட்லயே ஒருத்தர் எழுதியிருக்கார்."

அந்தக் கமெண்டுக்கு முந்தின நாள் இதயம் போட்டவர் கோதண்டம்தான். இப்போது அவர் கையைக் கூப்பினார்.

"அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். கும்பிடுறேன்."

"இன்னும் பத்து நிமிஷம் சார். ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துடுறோம்."

நம்புசெல்வி திரும்பிக் கரையைப் பார்த்தார். பிறகு அவனிடம் கையை நீட்டினார்.

"குடுங்க, என்னதான் எழுதியிருக்காருன்னு பார்ப்போம்."

அவன் கொடுத்தான்.

வாங்கியதும் அவர் கரையைப் பார்த்து ஓடினார்.

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை.

"ஏய்! போனு! ஏய், நில்லு!"

அவன் பாய்ந்தான். அவள் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து அவன் பின்னால் ஓடினாள். "புடிங்க, விடாதீங்க!" என்று கத்தினாள். கடைசியாகக் கோதண்டம்.

நம்புசெல்வி நினைத்திருந்தால் அவனைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டிருக்கலாம். விடவில்லை. பத்தடி முன்னால் ஓடினார். அவன் நெருங்கினால் கொஞ்சம் வேகம் கூட்டினார், தளர்ந்தால் குறைத்தார். வசவு அத்தனையும் காதில் விழும் தூரம்தான். திருடி என்றான். இன்னும் மோசமானவற்றையும் சொன்னான். அவர் வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் அதைக் கேட்காமல் இருந்தது நல்லது.

ஓடையில் இறங்கும்போது தண்ணீர் தொடையளவு. நடுவில் இடுப்பு. நம்புசெல்வி செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்காகப் போனார். அவன் அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு பின்னால் போனான்.

அவளைத் தண்ணீர் இழுத்தது. கால் வழுக்கி ஒரு முறை முழுசாக உள்ளே போனாள். கோதண்டம் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். மணிக்கட்டு சிக்கியது. அதைப் பிடித்த பிடியில் அவள் கண்ணாடி வளையல் உடைந்து அவர் உள்ளங்கையில் குத்தியது. அவர் விடவில்லை. கரை ஏறும்வரை 'என்னாலதான், என்னாலதான்' என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே வந்தார்.

கரையில் நம்புசெல்வி நின்றார். செல்போனை அவனிடம் நீட்டினார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"உன்னையெல்லாம் போலீஸ்ல..." என்று அவன் கையை ஓங்கினான்.

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருமிக்கொண்டே ஓடையைக் காட்டினாள். அவர்கள் இறங்கிய இடம் தெரியவில்லை. மணலுக்கும் கரைக்கும் நடுவே பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

அவன் ஓங்கிய கையை இறக்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கோதண்டம் தண்ணீர் புகாத இடுப்புப் பையிலிருந்து தன் செல்போனை எடுத்தார். ஈர விரலால் இரண்டு முறை தவறான இடத்தில் அழுத்தினார். மூன்றாம் முறை சரியாக அழுத்தினார்.

"எழுதினதை எடுத்துட்டேன் டீச்சர். மொத்தமா எடுத்துட்டேன்."

நம்புசெல்வி துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே முகவாயால் சாலைப் பக்கம் காட்டினார்.

ஒரு வேன் வந்து நின்றிருந்தது. எல்லாரும் ஒரே நிறப் பனியனில், ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒருவர் ஷூ கயிறு கட்டினார். ஒருவர் இடுப்பைத் திருப்பிச் சோம்பல் முறித்தார். தலைவர் மாதிரி இருந்தவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். அச்செடுத்து, நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள்.

அவர்கள் ஓடையின் கரைக்கு வந்தார்கள்.

"ஆழமா இருக்கும் போலிருக்கே" என்றார் ஒருவர்.

தலைவர் தாளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். "முதலில் வரும் ஓடையைக் கண்டு அஞ்ச வேண்டாம். முழங்கால் அளவுதான்."

"பார்த்தா அப்படித் தெரியலையே?"

"ஓடிப் பார்த்தவர் எழுதியிருக்காருப்பா. வாங்க, டைம் போகுது."

போகாதீங்க என்று கத்தத்தான் கோதண்டம் வாயைத் திறந்தார். அதை எழுதியவன் நான்தான் என்று சொல்லப் போனார். சற்று முன்னால் திட்டில் இரண்டையும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

நம்புசெல்வியைப் பார்த்தார். அவர் கோதண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டம் ஓடையில் இறங்கினார். முழங்கால். தொடை. இடுப்பு. தண்ணீர் தள்ளியது. குதிகாலை மணலில் அழுத்திக்கொண்டு இன்னும் நான்கு எட்டு வைத்தார். மார்பைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது.

திரும்பினார். ஒன்பது பேரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

"இங்க வந்து நின்னு வாசிங்க" என்றார்.