மலைமாதா கோவிலைச் சுற்றி வந்த கார்

சந்தனக்குறிச்சியில் கார் வைத்திருந்தவர்கள் பல பேர். கார் சங்கம் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கார். அதுவும் லேசில் ஓடாது.

"ஓடுற காருக்கு டிரைவர் போதும். ஓடாத காருக்குத்தான் சங்கம் வேணும்" என்பார் தலைவர் சவரியப்பன். அதைக் கேட்டு உறுப்பினர் தொபியாஸ் தலையை ஆட்டுவான். இன்னொரு உறுப்பினர் இன்னாசியும் ஆட்டுவான். கார் இன்னாசி வீட்டுக் கொட்டகையில் நின்றதால், அவன் மனைவி பெர்னதெத் மட்டும் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

பெர்னதெத் கன்னியாஸ்திரீகளிடம் படித்த பெண். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். பயமும் கொஞ்சம் அதிகம். பிள்ளை விக்கினாலும் பயம், விக்காவிட்டாலும் பயம்.

சங்கத்தின் வேதவாக்கு கோயம்புத்தூர் கனகசபை சார். ஒரு காலத்தில் ரேஸ் கார் ஓட்டியவர். போனில் அவர் என்ன சொன்னாலும் மூவரும் எழுந்து நின்று கேட்பார்கள். காயலான் கடையிலிருந்து காரை வாங்கி வந்த அன்று அவர் சொன்னார்: "எடுத்த எடுப்புல ஸ்பேனரைத் தூக்காதீங்க. முதல்ல என்ஜினைக் காது குடுத்துக் கேளுங்க. எங்க கோளாறுன்னு அதுவே சொல்லும்."

பானெட்டைத் திறந்து வைத்து, பாய் விரித்து, மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். என்ஜினை ஓட விட்டுக் கேட்க வேண்டும் என்று சார் சொல்லவில்லை. அதனால் அவர்களும் ஓட விடவில்லை.

"ஒண்ணுமே பேசலையே தலைவரே" என்றான் தொபியாஸ்.

"புது எடம்டா. கூச்சமா இருக்கும்."

"ஒருவேளை பொம்பளைங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுமோ?" என்றான் இன்னாசி.

பெர்னதெத்தைக் கூப்பிட்டார்கள். அவளும் இடுப்பில் பிள்ளையோடு வந்து, பயந்து பயந்து காதை வைத்தாள். வைத்தவள் முகம் மாறிவிட்டது. "என்னங்க, உள்ள யாரோ அழுவுறாங்க!"

திறந்து பார்த்தால், காற்று போகிற குழாய்க்குள் ஒரு எலிக் குடும்பம். அதைப் பத்திரமாக வேலியோரம் குடியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், கார் இருமிக்கொண்டே ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து கனகசபை சார் சொல்லை யாரும் ஒரு எழுத்துக்கூட மீறுவதில்லை.

இப்போது பெர்னதெத்தின் கவலைக்கு வருவோம். பிரசவ வலியில் அவள் மலைமாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்திருந்தாள்: பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் மலைமேல் இருக்கும் உன் கோவிலில்தான் ஞானஸ்நானம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்தக் கோவிலுக்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பூசை முடித்த கையோடு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். பஸ்ஸோ அவர் போன பிறகுதான் மலை ஏறும். போன மாதம் அப்படித்தான் தவறிப்போனது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளுக்கு மோட்சம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்து, அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம கார் எதுக்கு இருக்கு?" என்றான் இன்னாசி, நெஞ்சை நிமிர்த்தி.

அதைக் கேட்டதும் அவளுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை.

சாரிடம் கேட்டார்கள். "மலையா? அந்த என்ஜினுக்கு அவ்வளவு தெம்பு கெடையாதே. வண்டியோட எடையைக் கொறைங்க" என்றார்.

மூவரும் களத்தில் இறங்கினார்கள். பின் சீட்டைக் கழற்றினார்கள். நாலு கதவையும் கழற்றினார்கள். பானெட், ஸ்டெப்னி டயர், ஜாக்கி எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டகையில் குவித்தார்கள்.

அப்போது தொபியாஸ் ஒரு கேள்வி கேட்டான். "நாம மலைக்குப் போயிட்டா இதையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

நியாயமான கேள்வி. சங்கம் வெகுநேரம் ஆலோசித்தது. முடிவில் எல்லாவற்றையும் கார் கூரைமேல் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள்.

"என்னங்க, எடை அப்படியேதானே இருக்கு?" என்றாள் பெர்னதெத்.

சவரியப்பன் பொறுமையாக விளக்கினார். "தங்கச்சி, உள்ள எட்டிப் பாரு. காலியா இருக்கா?"

"காலியாத்தான் இருக்கு அண்ணே."

"அப்புறம் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலை, உள்ளே ஒரு முக்காலி போட்டு அதில் பெர்னதெத் உட்கார்ந்தாள். கதவு இல்லாததால் புடவை ஒன்றால் தன்னையும் பிள்ளையையும் சேர்த்து வண்டிக் கம்பத்தோடு கட்டிக்கொண்டாள். "இயேசு மரி சூசை" என்று அவள் தொடங்கிய செபம் மலையடிவாரத்திலும் முடியவில்லை.

பாதி மலையில், ஒரு வளைவில், கார் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. முன்னால் குபுகுபுவென்று ஆவி. தொபியாஸ் ஒரு பாறைமேல் ஏறி நின்று சாருக்குப் போன் போட்டான்.

"சூடாயிடுச்சு, ஆற விட்டுத் தண்ணி ஊத்துங்க. ஒருவாட்டி ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா விடாமப் போங்க. என்ன ஆனாலும் வண்டிய நிறுத்தாதீங்க, நிறுத்தினா..." என்பதோடு லைன் போய்விட்டது. அதற்குமேல் அந்த மலையில் டவரே இல்லை.

தண்ணீர் ஊற்றினார்கள். கார் கிளம்பியது. மனிதன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து, கடைசி வளைவையும் தாண்டி, மலைமாதா கோவில் மைதானத்துக்குள் நுழைந்தது. சாமியார் பூசை முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் நின்றார். பெர்னதெத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புடவை முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

கார் சாமியாரைக் கடந்து போனது.

"என்னங்க! நிறுத்துங்க!"

"சார் நிறுத்தக் கூடாதுன்னாரு, பெர்னா" என்றான் ஸ்டியரிங்கில் இருந்த இன்னாசி.

"கோவில் வந்துடுச்சே!"

"கோவில் வந்தா நிறுத்தச் சொன்னாரா?" என்று கேட்டார் சவரியப்பன். "சொல்லல. சொல்லாததை நாம செய்யலாமா?"

கோவிலை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். "ஏம்ப்பா, இறங்கி வாங்க, எனக்கு நேரமாகுது!" என்றார் சாமியார். அதற்குப் பதில் சொல்வதற்குள் கார் மூலை திரும்பிவிட்டது. அடுத்த சுற்றில்தான் "இறங்க முடியாது சாமி!" என்று சொல்ல முடிந்தது. "ஏன்?" என்று அவர் கேட்டதற்கு அதற்கடுத்த சுற்றில் பதில் போனது. இப்படியே பேசினால் அடுத்த மாதப் பூசையே வந்துவிடும் என்று பெர்னதெத்துக்குப் புரிந்துபோனது. ஒரு கையால் கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்து, மறுகையால் பிள்ளையை மார்போடு அணைத்து, அவன் தலையை மட்டும் வெளியே காட்டினாள்.

"சாமி! போறப்ப ஊத்துங்க! பேரு லியோ!"

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு மூன்று முறை ஊற்றுவதற்கான தண்ணீரைக் குவளையில் எடுத்துக்கொண்டு படியோரம் வந்து நின்றார்.

"லியோ, பிதாவின் பெயராலே..." முதல் தண்ணீர் சரியாகப் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. பிள்ளை வீறிட்டது. கார் சுற்றி வந்தது. "சுதன் பெயராலே..." இரண்டாவதும் சரியாக விழுந்தது. மூன்றாவது சுற்றில், இரண்டாவது தண்ணீர் நன்றாக நனைத்ததா என்று பார்க்கத் தொபியாஸ் முன்சீட்டிலிருந்து தலையை நீட்டினான். பரிசுத்த ஆவியின் தண்ணீர் முழுவதும் அவன் மண்டையில் விழுந்தது.

"போச்சு! மூணுல ஒரு பங்கு தொபியாசுக்குப் போச்சு!" என்று கத்தினான் இன்னாசி.

"எனக்குத்தான் சின்ன வயசுலயே ஊத்தியாச்சே. என் கணக்குல இப்ப நாலு ஆயிடுச்சே தலைவரே" என்று தொபியாஸ் கலங்கினான்.

இன்னொரு சுற்று வரலாம் என்று திரும்பும்போது என்ஜின் அடங்கியது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. எடை குறைப்பதற்காகத் தொபியாஸ் காலையிலேயே டாங்கிலிருந்து பாதிப் பெட்ரோலை இறக்கி, கேனில் நிரப்பி, கூரைமேல் கட்டியிருந்தான்.

"அதான் மேல இருக்கே, எடுத்து ஊத்துங்க" என்றாள் பெர்னதெத்.

"ஊத்தினா எடை கூடிடும் தங்கச்சி."

சாமியாருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அப்பாடா, நின்னுடுச்சு" என்று குவளையோடு வந்தார். சவரியப்பன் குறுக்கே பாய்ந்தார்.

"சாமி, மன்னிக்கணும். மத்த ரெண்டும் ஓடுற வண்டியில ஊத்தினது. மூணாவதை நிக்கிற வண்டியில ஊத்தினா எப்படி? ரெண்டு போல்ட்டை ஒரு மாதிரி முறுக்கி, மூணாவதை வேற மாதிரி முறுக்கினா என்ஜின் தாங்குமா?"

"இது என்ஜின் இல்லப்பா, குழந்தை!"

"குழந்தைன்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணுமே சாமி."

சாமியார் உதவிக்குப் பெர்னதெத்தைப் பார்த்தார். தலைவர் சொல்வது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஒருவேளை, ஒரே ஒருவேளை, செல்லாமல் போய்விட்டால்?

"கொஞ்சம் தள்ளச் சொல்லிட்டே ஊத்திடுங்களேன் சாமி" என்றாள்.

தலைவரும் தொபியாசும் பின்னாலிருந்து தள்ள, இன்னாசி பக்கத்தில் நடந்துகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, கார் மறுபடி நகர்ந்தது. இனி யார் தலையும் குறுக்கே வரக் கூடாது என்று சாமியார் உள்ளேயே ஏறி, முக்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். மூன்று முறையும் முதலிலிருந்து, முழு செபத்தோடு, பிள்ளையின் தலையில் நிதானமாக ஊற்றினார். நேர்ச்சை நிறைவேறியது. பெர்னதெத் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விசும்பினாள்.

"முடிஞ்சுதுப்பா! நிறுத்துங்க!" என்று பின்னால் திரும்பிச் சாமியார் குரல் கொடுத்தார். "அடுத்த ஊர்ல எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க!"

"சாரைக் கேட்டுத்தான் நிறுத்தணும் சாமி!" என்றார் சவரியப்பன், மூச்சிரைக்க. "டவர் கெடைக்கட்டும்!"

சாமியார் பொறுமை இழந்து வாயைத் திறப்பதற்குள் பெர்னதெத் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தாள். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருந்தது.

"சாமி, சத்தம் போடாதீங்க. மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல இவனுக்கு. வண்டி நின்னா முழிச்சிடுவான்."

சாமியார் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் இறங்கி, அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் போய்த் தலைவருக்கும் தொபியாசுக்கும் நடுவில் தோள் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.