காசில் விழுந்த துளை

காசுக்கு அச்சு வெட்டும் தத்தனிடம் சிற்றரசன் விறலன் ஒரு யவனக் காசை நீட்டினான். அதில் வென்றவன் நிமிர்ந்து நின்றான். தோற்ற நாட்டுப் பெண் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"இதே போல என்னை வெட்டடா! இவள் அழுவதைப் பார்த்துச் செய்," என்று போரில் பிடித்துவந்த குவளை என்ற பெண்ணைக் காட்டினான்.

அவளை எப்படியாவது வீடு சேர்க்க வேண்டுமே என்று தத்தனுக்குத் தவிப்பு.

"வெட்டலாம், அரசே. ஆனால் நம் பெண்கள் காசின் உச்சியில் துளையிட்டு மாலை கோப்பார்களே! நிற்பவர் தலையில்தான் துளை விழும். அழுகிறவள் மட்டும் மிஞ்சுவாள்."

விறலன் தலையைத் தடவிக்கொண்டான். "நானும் உட்கார்ந்துவிட்டால்?"

"தலை தப்பும். பக்கத்தில் உட்கார்ந்தும் கண்ணீரைத் துடைக்காதவர் என்பார்களே!"

விறலன் முதன்முறையாகக் குவளையின் முகத்தைப் பார்த்தான்.

"வீரர்களே, இவளை வீட்டில் விட்டு வாருங்கள். தத்தா, நீ யானையை வெட்டு."

"யானைமேல் தாங்கள்?"

"வேண்டாம். துளை விழும்."